பள்ளிக்கூடத்தில் போடுகிற கையெழுத்து

என் அப்பா வீடு தேடி வரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ரசீதை நீட்டினால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். பதிவுத் தபால் வந்தால், "ஆபீசுலயே வச்சிருங்க, நான் அங்க வந்து போட்டு வாங்கிக்கிறேன்" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓர் உறைக்காக சேரம்பாடி வரை நடப்பார். அம்மா உயிரோடு இருந்தபோது, "கல்யாணப் பத்திரிகையைக்கூட இந்த மனுசன் மண்டபத்துக்கே போயித்தான் வாங்குவாரு" என்று கேலி செய்வாள். அதற்கும் அவர் சிரிக்கமாட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சூட்டோடு தோட்டத் தமிழர்களின் குடியுரிமையும் ஓட்டும் போய்விட்டன. பிறந்த மண்ணில் அந்நியராகவே அப்பா வளர்ந்து, கொழுந்து மூட்டை தூக்கி, கல்யாணம் செய்து, என்னைப் பெற்றார். ஒருநாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து, குடும்பத் தலைவர்கள் எல்லாரும் இதில் பெருவிரல் வைக்க வேண்டும் என்றார். அரிசிக் கூப்பனுக்கு என்று நினைத்து அப்பா வைத்தார். அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்கிற மனு. பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா குடும்பம் அங்கேயே இருக்க மனுப் போட்டிருந்தது. இவர் இந்தியர், அவள் இலங்கைக்காரி என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகளைக் காகிதம் பிரித்துவிட்டது.

புறப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டேஷனில் அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கோச்சி, அதாவது ரயில், நகர்ந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று அவள் கையோடு போனது. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அத்தையின் சாவுச் செய்திகூடத் தபாலில்தான் வந்தது. அதையும் அவர் தபாலாபீசுக்கு நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டே வாங்கினார்.

கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் சேரம்பாடிப் பக்கம் அரசுத் தோட்டத்தில் வேலையும் லைன் வீடும் கிடைத்தன. அங்கேதான் என்னுடைய சிலேட்டில் அப்பா தன் பெயரை எழுதிப் பழகினார். இனிமேல் பெருவிரல் வைப்பதில்லை, வீட்டுக்கு வரும் காகிதத்தைத் தொடுவதில்லை என்று அப்போது எடுத்த முடிவு. எனக்குப் பதினைந்து வயது இளையவனான தம்பி இங்கே வந்த பிறகு பிறந்தவன். அவனுக்கு இதெல்லாம் கதை. எனக்குக் கதை இல்லை.

அப்பா படிக்காமல், கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டது ஒரே இடத்தில்தான். தோட்டத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம். தேர்தல் அன்று அதுதான் வாக்குச்சாவடி. விரலில் மை வைப்பதற்கு முன் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள் அல்லவா, அந்தக் கட்டத்துக்குள் அவர் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போடுவார். பின்னால் நிற்கிறவர்கள், "பெருசு என்ன, சொத்தா எழுதி வைக்குது?" என்று முணுமுணுப்பார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். "அவங்க நம்மளத் தேடி வரல புள்ள. நாமதான் தேடிப் போறோம். தேடிப் போய்ப் போடுற கையெழுத்துல மோசம் வராது" என்பார்.

நான் வாத்தியார் வேலைக்குப் படித்து, கூடலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை ஆனேன். தேர்தல் வேலை என்று ஆணை வந்தால் உடன் வேலை செய்த பாதிப் பேருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் வந்துவிடும். எனக்கு வந்ததில்லை. பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு முறையும் அதே பாட்டுத்தான். அரசியலமைப்பின் முந்நூற்று இருபத்து நான்காம் பிரிவு: தேர்தலின் மேற்பார்வையும் வழிநடத்தலும் கட்டுப்பாடும் ஆணையத்தின் கையில், ஆளுகிற அரசின் கையில் இல்லை. தேர்தல் முடியும்வரை நீங்கள் ஆணையத்தின் ஆட்கள். கலெக்டரும் அப்படித்தான், வாசலில் லத்தியோடு நிற்கிறவரும் அப்படித்தான். இதைக் கேட்டுக்கொண்டே பலர் தூங்குவார்கள். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்க்கும். மலைப்பாதையில் பேருந்து வாந்தியும் கொசுக்கடியும் பழகிப்போன ஒரு வாத்தியாரம்மாவை ஒரே ஒருநாள் இந்த நாடு இப்படி உயரத் தூக்கி வைக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்தல் வேலை முடிந்து நான் வந்தால் அப்பா பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பார். கேள்விகள் மாறாது.

"மந்திரி வந்தாலும் வரிசைதானா?"

"வரிசைதான்ப்பா."

"தொரை வந்தா?"

"தொரைக்கும் வரிசைதான்."

"உனக்கு மேல யாரு?"

"ஆணையம்."

"அதுக்கு மேல?"

"சட்டம்."

அப்போதுதான் அவர் டீயைக் குடிப்பார். தோட்டத்து மேனேஜரான தொரைக்கு மேல் கடவுள் மட்டும்தான் என்று வளர்ந்தவருக்கு இந்தப் பதில் எவ்வளவு ருசித்தது என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில்தான் அது நடந்தது. அப்பாவுக்கு அப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய தேர்தலில் பள்ளிக்கூடப் படியில் கால் இடறி விழுந்து, தம்பி அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கியிருந்தான். இடுப்பு அதன் பிறகு நேராகவில்லை. தம்பி அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து லாரி ஓட்டுகிறான். அப்பா அவனோடுதான் இருந்தார். வேலை இருக்கும்வரைதான் அந்த லைன் வீடும்.

எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று ஆணையம் ஏற்பாடு செய்திருந்தது. நல்ல ஏற்பாடு. மலையில் எத்தனையோ பேர் படுத்த படுக்கையில் இருந்துகொண்டு அப்படி ஓட்டுப் போட்டார்கள். ஆனால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பட்டியலில் பெயருக்கு எதிரே குறி விழுந்துவிடும். பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. இரண்டு வாசல் திறந்து வைத்தால் அது தேர்தல் இல்லை, கூத்து.

நான் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று அப்பாவைப் பார்க்க வந்திருந்தேன். ஒருநாள் காலையில் ஒரு ஜீப் லைன் வாசலில் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ்காரர், கையில் கேமராவோடு ஒருவர். அட்டையால் செய்த ஒரு மறைப்பைக்கூடக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தினார்கள். அக்கம்பக்கமே கூடிவிட்டது. மூத்த அதிகாரி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

"ஏனுங்கய்யா, சாப்டாச்சுங்களா? உங்க ஓட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்திருக்கோமுங்க. மொதல்ல இந்த உறுதிமொழில ஒரு கையெழுத்துப் போடுங்க, அப்புறம் சீட்டுத் தர்றேன்."

அப்பா போலீஸ்காரரைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கைகள் தாமாகப் பின்னால் போயின.

"மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வாற கடுதாசியில நான் கையெழுத்துப் போடுறதில்லைங்க. ஓட்டு அன்னைக்கு மேல பள்ளிக்கூடத்துக்கு வந்து போட்டுருவேன்."

"அய்யா, உங்களுக்காகத்தானுங்க இந்த மேடு ஏறி வந்திருக்கோம்."

"கஷ்டந்தாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

நான் எடுத்துச் சொன்னேன். அவர்களும் பொறுமையாகத்தான் சொன்னார்கள். மறுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு போய், சொன்னபடி இன்னொரு நாளும் வந்தார்கள். அன்றும் அவர் டீ கொடுத்தார், கையெழுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை வர விதியில்லை என்று அதிகாரி என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

ஜீப் போனதும் அப்பா கேட்டார்: "நான் கேக்காம இவங்க ஏன் வந்தாங்க?"

தம்பி முந்திக்கொண்டான். "வயசானவங்க எல்லாரு வீட்டுக்கும் வர்றாங்கப்பா."

அவன் குரலே சரியில்லை. விறகுக் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவனே சொல்லிவிட்டான். விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்தை அவன் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"அறிவிருக்காடா உனக்கு? இது ரேஷன் கார்டா? தெரிஞ்சா கேஸ் போடுவாங்க."

"அவர அந்த மேட்டுல மறுபடியும் ஏத்தச் சொல்றியா அக்கா? போன தடவ என் முதுகுல கெடந்து எப்படி மொனங்குனாருன்னு எனக்குத்தான் தெரியும். நீ கூடலூருல இருந்த."

அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன். ஓட்டு முடியட்டும், நானே சொல்கிறேன் என்றான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இந்தக் குடும்பத்தில் யார் யாருக்காகவோ கையெழுத்துப் போட்டுத்தான் எல்லாமே நாசமாகிறது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

ஓட்டு நாள் காலையில் நான் எழுந்து வந்து பார்த்தால் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கம்பளிக் கோட்டுப் போட்டு, அடையாள அட்டையைப் பையில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து, தம்பி செய்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"அப்பா, உங்க பேருக்கு நேரா குறி இருக்கும். அங்க விடமாட்டாங்க."

"நீதானே சொன்ன, வயசுக்கு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு."

"சொன்னேன்."

"அப்ப கேட்டுப் பாப்போம். கேக்கிறதுக்கு என்ன?"

தம்பி யாரிடமோ ஜீப் வாங்கி வந்திருந்தான். சாவடிக்கு முன்னால் போட்டிருந்த எல்லைக்கோட்டோடு வண்டி நின்றுவிட்டது. மிச்சத் தூரம் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். தம்பி ஜீப்பருகே நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே தலைமை அலுவலர் ஓர் இளம்பெண். கேத்தி ஊர்ப் பக்கம், கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். முதல் மேசைக்காரர் அட்டையை வாங்கி, வரிசை எண்ணைத் தேடி, விரலை வைத்து, அப்படியே நிறுத்திவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால் எத்தனையோ தேர்தலில் உட்கார்ந்தவள் நான்.

"அய்யா, நீங்க வீட்டுலயே ஓட்டுப் போடறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. அப்படிக் குடுத்தவங்க இங்க போட முடியாதுங்க."

"நான் எழுதிக் குடுக்கலீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள், ஒரே பெஞ்சில் இருந்தும் காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், "மேடம், பெரியவரு போட்டுட்டுப் போகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்று சேர்ந்து சொன்னார்கள்.

"உங்களுக்கு இல்லாட்டியும் எனக்கு விதி இருக்குங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆட்சேபணை இல்லை என்று இன்று இவருக்காகச் சொல்கிற அதே வாய் நாளை வேறு எவனுக்காகவோ சொல்லும். தொரைக்கும் வளையாத விதி என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லி அப்பாவுக்கு ஊட்டியவளே நான்தான். அந்த விதி அவருக்காகவும் வளையாமல் நின்றது.

அவள் அப்பாவின் பக்கத்தில் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"அய்யா, நீங்க குடுக்கலேன்னா அதை எழுதித் தாங்க. நான் மேல தேர்தல் அதிகாரிக்குப் பேசறேன். விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பாங்க. உங்களுக்கு ஓட்டுக் கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம், அதை நான் சொல்ல முடியாதுங்க. ஆனா யாரு போட்ட கையெழுத்துன்னு விசாரணை கண்டிப்பா வரும். பொய்க் கையெழுத்துன்னா போலீஸ் வரைக்கும் போகும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் பார்வை போன திசையைக் கவனித்தேன். சன்னல் வழியே கீழே எல்லைக்கோட்டருகில் ஜீப் தெரிந்தது. தம்பி அதில் சாய்ந்துகொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்து தப்புச் செய்தால் நகம் கடிப்பான். பெற்றவருக்கு அது தெரியாதா?

கேஸ் என்றால் சஸ்பெண்ட். சஸ்பெண்ட் என்றால் தம்பிக்கு வேலை, வீடு, இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போகும். இதையெல்லாம் நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது அப்பா அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"வயசாயிருச்சும்மா. மறந்து போச்சு. அந்தக் கையெழுத்து நான் போட்டதுதான்."

"நல்லா ஞாபகம் இருக்குங்களாய்யா?"

"ஓட்டுப் போடுற எடத்துல பொய் சொல்லுவனா? நான் போட்டதுதான்."

அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்பா எழுந்து இரண்டு கைகளையும் கூப்பி அவளைக் கும்பிட்டார். மற்ற மேசைகளையும் கும்பிட்டார். மூலையில் அட்டை மறைப்புக்குள் வைத்திருந்த எந்திரத்தைப் பார்த்து அரை நிமிஷம் நின்றார். பின்னால் வரிசை காத்திருக்கிறது என்று நினைவு வந்ததும் சட்டென்று நகர்ந்து வழிவிட்டார்.

வெளியே வந்தோம். தம்பி ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தான். "என்னப்பா சொன்னாங்க?"

"நேரங்கழிச்சு வந்துட்டோமாம். போகட்டும், விடு. நீ போய் உன் ஓட்டப் போட்டுட்டு வா."

"நீங்க போடலேன்னா எனக்கு மட்டும் எதுக்குப்பா?"

"போடான்னா போ." அப்பா அப்படி அதட்டி நான் பல வருஷம் கேட்டதில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வரிசைக்குப் போனான்.

அப்பாவை ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன். கீழே தோட்டம் முழுக்கப் புதுக்கொழுந்து விட்டிருந்தது. ஓட்டுக்காக லீவு விட்டிருந்ததால் மலையில் ஆளே இல்லை. தம்பி வரிசையில் நகர்ந்து நகர்ந்து கதவுக்குள் மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மறைந்ததும் அழுதார். கப்பலேறியபோதும் அழாதவர், அம்மாவை எரித்த அன்றும் அழாதவர். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதார்.

"அடுத்த தேர்தலுக்குப் போடலாம்ப்பா" என்றேன். அது இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அந்த வருஷ மழைக்கே அவர் போய்விட்டார்.

அன்று ஜீப்பில் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஓட்டுக்கு அழல புள்ள. ஒருநாளும் மோசம் போகாத எடம்னு இருந்தேன். இன்னைக்கு அங்க நின்னு நானே பொய் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என்னை நம்பிருச்சு."

நான் அவர் கையைப் பிடித்தேன். நீங்கள் செய்தது சரி என்று சொல்ல முடியவில்லை. தப்பு என்று சொல்ல நான் யார்?

தம்பி கதவைத் தாண்டி வெளியே வந்து படியிறங்க ஆரம்பித்தான். அப்பா அவசர அவசரமாகத் துண்டால் கண்ணைத் துடைத்தார். என் கன்னத்தையும் அதே துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு புள்ள. தம்பி வாறான்."